மூன்றாம் நம்பர் நாற்காலி

பிள்ளை பெற்று ஐந்து வாரம் ஆனவளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நர்ஸ் வீடு தேடி வந்திருந்தாள். நல்ல மாதிரி. ஷூவை வாசலிலேயே கழற்றி வைத்தாள். குழந்தையை எடை போட்டு, "நாலே கால் கிலோ, பேஷ்" என்றாள். பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"தூக்கம் எப்படிம்மா?"

"அது யாரு?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினாள். "சாப்பாடு?"

"சாப்பிடறேன். நின்னுக்கிட்டு. ஒத்தைக் கையால."

"தையல் போட்ட இடத்துல வலி, எரிச்சல்?"

"வலி குறைஞ்சிருக்கு. எரிச்சல் இருக்கு. ஆனா அதுக்கும் தையலுக்கும் சம்பந்தம் இல்ல."

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. நர்ஸ் அடுத்ததற்குப் போனாள். கேட்கிறவர்களே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் கேள்வி அது. "யாரையாவது காயப்படுத்தணும்னு தோணுதா?"

நேருக்கு நேர் கேட்டால் அவளுக்குப் பொய் வராது. "ஒருத்தியை" என்றாள்.

பேனா நின்றது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவனின் கையும் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"குழந்தை இல்லையே?" என்றாள் நர்ஸ் மெதுவாக.

"சேச்சே! அவ எவ்வளவு சமர்த்து. வீட்டுக்காரரும் இல்ல, அவருக்கு ஒதுக்க நேரமில்ல. இது பார்லர்ல. என் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கறா ஒருத்தி."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க, கேப்போம்."

சொல்வதற்கு நிறைய இருந்தது. அவள் வேலை பார்த்த பார்லரில் ஐந்து நாற்காலிகள். ஓனரம்மாவுக்கு ஆள் பெயர் எதுவும் நினைவில் தங்காது. அதனால் முடி வெட்டுகிறவர்களை நாற்காலி நம்பரை வைத்தே கூப்பிடுவாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. வாடிக்கையாளர்கள், பால் பாக்கெட் போடுகிறவர், ஏசி பழுது பார்க்க வருகிறவர் எல்லாருக்கும் அவள் ஏழு வருஷமாக ‘மூணு’தான். ஜன்னலோரத்து நாற்காலி, நல்ல வெளிச்சம், பத்து மணி வெயில் கண்ணாடியில் பட்டு வாடிக்கையாளர் முகத்தையே ஐந்து வயது குறைத்துக் காட்டும். கணவன் ஃபோனில்கூட அவளை ‘மூணு’ என்றுதான் பதிந்து வைத்திருந்தான்.

பிரசவ விடுப்பில் போனாள். நாற்காலியைக் காலியாகப் போட்டுவைக்க முடியுமா? வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் மூன்றாம் நம்பர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஆக, அவளும் ‘மூணு’ ஆகிவிட்டாள்.

"முந்தாநாள் பார்லருக்கு ஃபோன் பண்ணினேன்," என்று நர்ஸிடம் சொன்னாள். "பேசிட்டே இருக்கும்போது பின்னாடி ஒரு சத்தம் கேக்குது. ‘மூணு, பெரிய டீச்சர் அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்காங்க’ன்னு. நான் இங்க பாலூட்டிட்டு இருக்கேன், வாய் தன்னால ‘தோ வரேன்’னு திறக்குது. அதுக்குள்ள அங்கேருந்து ஒருத்தி ‘சரிக்கா’ங்கறா. என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க, வேற ஒருத்தி பதில் சொல்றா! உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?"

நர்ஸ் தனக்கு அப்படி நடந்ததில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

குழப்பம் வேண்டாம். இந்தக் கதையில் மூணு என்றால் பழைய மூணுதான். இன்னொருத்தியை அவள் எப்படிக் குறிப்பிட்டாளோ அப்படியே ‘அந்தப் புதுசு’ என்று வைத்துக்கொள்வோம்.

நர்ஸ் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு வாரம் வரை வேலைக்குப் போகக் கூடாது. குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. நீண்ட நேரம் நிற்கக் கூடாது. சாப்பாடு உட்கார்ந்து, இரண்டு கைக்கும் ஓய்வு கொடுத்து. யாராவது ‘நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு’ என்றால் வாதாடாமல் தூங்க வேண்டும். கடைசியாக ஒரு வரியைக் கோடு போட்டு எழுதினாள்: வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், வீட்டுக்கு வெளியே, தனக்காக.

"தனக்காகன்னா?"

"உங்க இஷ்டம். குழந்தைக்கோ வீட்டுக்கோ உபயோகப்படற காரியமா மட்டும் இருக்கக் கூடாது. உங்க மனசு லேசாகணும், அவ்வளவுதான்."

"எதுவா இருந்தாலும் பரவாயில்லையா?"

"எதுவா இருந்தாலும்."

மூணுவின் முகம் மலர்ந்ததை நர்ஸ் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டு விடைபெற்றாள். பாவம். மூணு அவளிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அதே ஃபோனில் ஓனரம்மாவிடம், "திங்கட்கிழமையே வந்துடறேன்க்கா, டாக்டர் சரின்னுட்டார்" என்று அடித்து விட்டிருந்தாள். ஃபோனில் அவளுக்குப் பொய் நன்றாக வரும். ஓனரம்மா நம்பாமல், "முதல்ல ஒரு தடவை நேர்ல வா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள்.

பன்னிரண்டு வாரமாம். இன்னும் ஏழு வாரம். ஏழு வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் கை மாறிவிடலாம், மனசு மாறிவிடலாம், ஜன்னலோரத்து நாற்காலியே மாறிவிடலாம். அதெல்லாம் அந்தப் படிவத்தை அச்சடித்தவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

பெரிய டீச்சர் ஐந்து வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, சரியாகப் பதினொன்றரைக்கு வருவார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. மழையோ புயலோ, மூணுவைத் தவிர வேறு யாரையும் தலையில் கை வைக்க விட்டதில்லை. இந்த வியாழன் அவர் முறை. மூணு தன் ஒரு மணி நேரத்தை அந்த வியாழன் பதினோரு மணிக்கு வைத்துக்கொண்டது தற்செயல் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அவளைத் தெரியாது.

வியாழக்கிழமை காலை, கணவன் லீவு போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். குழந்தைக்கு அவன் வைத்த பெயர் ‘மேனேஜர்’. ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் சத்தம் போட்டே ஓட வைப்பதால்.

"ஏப்பம் வந்தப்புறம்தான் படுக்க வைக்கணும். கழுத்தைப் பிடிச்சுக்கணும். துணி மாத்தும்போது…"

"பதினாலு மாடி லிஃப்டை ஒத்தை ஆளா பார்த்துக்கறவன் நான்."

"லிஃப்ட் நின்னா அழாது."

"உள்ள மாட்டிக்கிட்டவங்க அழுவாங்க. அவங்களைச் சமாதானப்படுத்தறதும் நான்தான். கிளம்பு நீ."

பழைய கால்சட்டை எதுவும் இடுப்புக்கு மேலே ஏற மறுத்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளின் கால்சட்டையையே மாட்டிக்கொண்டாள். தலைக்குக் குளித்து ஒன்பது நாள். கொண்டையைப் பிரித்தால் என்னென்ன வெளியே வருமோ என்ற பயத்தில் அதன் மேலேயே இன்னொரு ரப்பர் பேண்டைப் போட்டாள். பார்லரின் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தபோது, தொழிலுக்கு இதைவிட மோசமான விளம்பரம் இருக்க முடியாது என்று அவளுக்கே தோன்றியது.

உள்ளே ஷாம்பு மணம், டிரையர் சூடு. ஓனரம்மா கவுண்டரிலிருந்து எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். நான்காம் நம்பர்காரி ஒரு வாடிக்கையாளர் தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மூணு! எப்படிடி இருக்கே? நீ போனப்புறம் பார்லரே அமைதியா இருக்கு."

"என்னை நினைச்சு ஏங்கறீங்களா?"

"இல்ல, நிஜமாவே அமைதியா இருக்கு. அவ பேசவே மாட்டேங்கறா. வர்றவங்க எல்லாம் என்ன நிம்மதின்னு சொல்லிட்டுப் போறாங்க."

மூணு கத்தரியைவிட வாயால் அதிகம் வெட்டுவாள் என்று ஊருக்கே தெரியும். அவள் சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

பார்வை ஜன்னல் பக்கம் போனது. நாற்காலி இருந்தது. ஆனால் சீப்பு, கிளிப், கத்தரி வைக்கும் தள்ளுவண்டி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போயிருந்தது. தண்ணீர் தெளிக்கும் பாட்டில், டிரையர் கொக்கி, எல்லாமே இடப்பக்கம். தன் வீட்டுக்குள் யாரோ புகுந்து கட்டிலைத் திருப்பிப் போட்டது போல் அவளுக்குப் பகீரென்றது. அந்தப் புதுசுக்கு இடது கைப் பழக்கம். இருபத்திநாலு வயது இருக்கும், ஒல்லி, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி ஓரத்தில் மூணு எப்போதோ ஒட்டிய மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு குட்டி வாத்து புதிதாக ஒட்டியிருந்தது. அதுவும் அழகாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"உனக்கு என்ன செய்யணும்?" என்றாள் ஓனரம்மா.

"வாஷ். நுனி மட்டும் ட்ரிம்."

"யாருகிட்ட?"

"மூணுகிட்ட."

"நீயேவா?"

பார்லரே சிரித்தது. அந்தப் புதுசும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. "வாங்கக்கா" என்றாள். அக்காவாம்!

தலை கழுவும் தொட்டி நாற்காலியில் மூணு சாய்ந்துகொண்டாள். ஏழு வருஷம் அந்தத் தொட்டிக்குப் பின்னால் நின்றவள், முன்னால் படுப்பது இதுதான் முதல் தடவை. மனசுக்குள் ஒரு காகிதத்தை விரித்துக் குற்றப்பட்டியல் எழுதத் தயாரானாள். தண்ணீர்ச் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் பார்க்கிறாளா? பார்த்தாள். கழுத்துக்கும் பீங்கானுக்கும் நடுவில் துண்டு வைக்கிறாளா? வைத்தாள், இரண்டு மடிப்பாக. காதுக்குள் தண்ணீர் போகாமல் கையால் மறைக்கிறாளா? மறைத்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, மூணுவுக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. ஒரு தப்பாவது செய்து தொலைக்கக் கூடாதா இந்தப் பெண்?

"தலையை விடுங்கக்கா."

"விட்டுட்டேனே."

"இல்லக்கா. நீங்கதான் தூக்கிட்டிருக்கீங்க."

மூணுவுக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை அவள் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். தலை கழுவுகிறவர்களுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: தலையைக் கையில் கொடுத்துவிடுகிறவர்கள், கொடுப்பது போல நடித்துக் கழுத்தால் தாங்கிக்கொண்டே இருப்பவர்கள். இரண்டாவது வகையை அவள் நான்காம் நம்பரோடு சேர்ந்து எத்தனை கேலி செய்திருப்பாள்!

விட முயன்றாள். வரவில்லை. கழுத்துக்கு வழி மறந்துவிட்டது. ஐந்து வாரமாக ஒரு சின்னத் தலைக்குக் கீழே கை வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தவள் அவள். தூங்கும்போதுகூட அந்தக் கை அப்படியே குழிந்துதான் இருக்கும்.

"பரவாயில்லக்கா. மெதுவா விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

இடது கை பிடரிக்குக் கீழே நுழைந்தது. அகலமான கை அல்ல. ஆனால் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வந்து உட்கார்ந்தது. இதில் என்ன குறை சொல்லலாம் என்று மூணு யோசித்தாள். கொஞ்சம் இறுக்கமோ? இல்லை. நகம் படுகிறதோ? இல்லை. குளிர்ச்சியாக இருக்கிறதோ? அதுவும் இல்லை. ஏழாவது குற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, தலையின் அத்தனை கிலோவும் அவளிடமிருந்து கழன்று போயிற்று.

கண்ணைத் திறந்தபோது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. முதலில் குழந்தை எங்கே என்று கை துழாவியது. பிறகுதான் தொட்டி தெரிந்தது.

"குறட்டையாடி அது!" என்றாள் நான்காம் நம்பர். "டிரையர்தான் ரிப்பேர்னு சுவிட்சை அணைச்சுப் பார்த்தேன்."

தலைமுடி கழுவி, துவட்டி, துண்டால் சுற்றியிருந்தது. பிடரிக்குக் கீழே கை அப்படியே இருந்தது. அந்தப் புதுசு தொட்டிக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையைப் பீங்கானில் ஊன்றி, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எழுப்பல?"

"எடுக்கப் பார்த்தேன்க்கா. எடுத்தா முழிச்சுக்கறீங்க. அதான்."

சோஃபாவில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கை. "எழுப்பாதேன்னு நான்தான் சொன்னேன்," என்றார். "இருபத்தஞ்சு நிமிஷத்துல என் முடி எங்கயும் ஓடிடாது. குழந்தை சௌக்கியமா?"

மூணு நெகிழ்ந்துதான் போயிருக்க வேண்டும். ஒரு வினாடி நெகிழவும் செய்தாள். மறு வினாடி மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. நான்காம் நம்பர் சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள், ஐந்தாம் நாற்காலியும் காலி. இருபத்தைந்து நிமிடம் காத்துக்கொண்டிருந்தது யாருக்காக? ‘இவளுக்காக!’ ஏழு வருஷத்துப் பழக்கம் ஐந்தே வாரத்தில் ஆவியாகிவிட்டது.

பெரிய டீச்சர் மூன்றாம் நம்பர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான்காவதில் மூணுவை உட்காரவைத்தார்கள், தலையில் துண்டு முண்டாசோடு. அடுத்த வீட்டுக் கல்யாணத்தை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பவள் போல் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பெரிய டீச்சரின் உச்சந்தலையில் இரட்டைச் சுழி உண்டு. ஒன்று இப்படிச் சுற்றும், மற்றது அப்படிச் சுற்றும். நடுவில் கொஞ்சம் கட்டையாக வெட்டிவிட்டால் போதும், சேவல் வால் போல நட்டுக்கொண்டு நிற்கும். அதை அடக்கக் கற்றுக்கொள்ள மூணுவுக்கு இரண்டு வருஷம் ஆனது. புதுசு சீப்பால் வாரி, சரியாக அந்த இடத்தில் முடியை இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்தாள். தள்ளுவண்டியிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

வெட்டட்டும், நட்டுக்கொள்ளட்டும் என்றது மனசின் ஒரு பாதி. அந்தப் பாதிக்கு இன்னும் இரண்டு வினாடி பொறுமை இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

"அங்க கை வைக்காதே!"

எழுந்துவிட்டாள். முண்டாசோடு இரண்டே எட்டில் போய், சீப்பைப் பிடுங்கி, கத்தரியையும் பிடுங்கினாள். "இப்படி இல்ல. இதைப் பாரு. டீச்சர், நீங்க ஆடாதீங்க." சுழியைப் பிடித்தாள். கத்தரியைப் போட்டாள்.

கத்தரி வெட்டவில்லை. முடியைக் கவ்வி மடித்து மென்றது. அது இடது கைக்காரர்களின் கத்தரி. வலது கையில் பிடித்தால் அலகு இரண்டும் விலகிக்கொள்ளும். பயிற்சிக்குப் போன முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. மூணுவுக்கு அது தெரியும். ஆனால் பொறாமை வலது கைக்காரி. அவள் விரலை முறுக்கி இன்னும் அழுத்தினாள். ‘கறக்’ என்று ஒரு சத்தம். சுழிக்கு நட்ட நடுவில், எலி கடித்தது போல ஒரு பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கொத்து முடி விறைப்பாக எழுந்து நின்று பார்லரைச் சுற்றிப் பார்த்தது.

பெரிய டீச்சர் கையைத் தூக்கி உச்சியைத் தடவினார். "என்னம்மா இது, கொம்பா?"

அப்போதுதான் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. இழுத்த இழுப்பில் நாற்காலியின் முதுகில் சாய்ந்துகொண்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். பத்து பல்பு எரியும் அந்தக் கண்ணாடி எதையும் ஒளிக்கவில்லை. முண்டாசு. கையில் இடது கைக் கத்தரி. சட்டையின் முன்னால் இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. மேனேஜருக்குப் பசிக்கும் நேரம். வீட்டுக்கு எத்தனை தெரு தள்ளி வந்தாலும் உடம்பு அட்டவணை மறக்கவில்லை.

மூணு ஓவென்று அழுதாள்.

"அழறதுல தப்பில்ல," என்றார் பெரிய டீச்சர், கண்ணாடியில் கொம்பைப் பார்த்துக்கொண்டே. "உக்காந்து அழு. நாளைக்குக் காலைல அறுநூறு பிள்ளைங்க முன்னாடி நான் இந்தத் தலையோட நிக்கணும். அழவேண்டியவ நான்."

அந்தப் புதுசு மூணுவின் விரல்களிலிருந்து கத்தரியை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். தோளைத் தொட்டு நான்காம் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஓனரம்மா ஒரு உலர்ந்த மேலங்கியைப் போர்த்திவிட்டு, ஒரு கோப்பை சூடான பாலும் இரண்டு பன்னும் கொண்டுவந்து வைத்தாள். "முதல்ல இதைச் சாப்பிடு. அப்புறம் மீதியை அழு."

மூணு சாப்பிட்டாள். உட்கார்ந்து, இரண்டு கையாலும். எவ்வளவு பசி இருந்தது என்று முதல் பன் முடிந்தபோதுதான் தெரிந்தது.

"அக்கா," என்றாள் புதுசு, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு. "இந்த இடத்தை நீங்க எப்படி அடக்குவீங்க?"

இரண்டாவது பன்னை மென்றுகொண்டே மூணு யோசித்தாள். மொத்தம் மூன்று சூட்சுமம். "நனைக்கக் கூடாது. காய்ஞ்சதா இருக்கும்போதே வெட்டணும்," என்றாள். புதுசு தலையாட்டினாள். "கத்தரியைப் படுக்க வைக்காதே. நிறுத்தி, நுனியால கொத்தணும்." புதுசு தலையாட்டினாள். மூன்றாவதை மூணு சொல்லவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு என்ன செய்வது? அவளும் மனுஷிதானே.

புதுசு வலமும் இடமும் சீவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுற்றி வந்து, சுழியின் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று ஆரம்பித்தாள். மூன்றாவது சூட்சுமம் அதுதான். இடது கைக்காரிக்கு அது கேட்காமலேயே வந்துவிட்டது. பத்தே நிமிடம். பள்ளத்தைச் சுற்றி எல்லாவற்றையும் அதன் உயரத்துக்குக் கொண்டுவந்து, கொம்பைப் படுக்கவைத்து, முன்முடியைக் கொஞ்சம் சரித்துவிட்டாள். பெரிய டீச்சருக்கு வயது எட்டு குறைந்தது. வெயிலின் தயவு இல்லாமலேயே.

பெரிய டீச்சர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு மூணுவைப் பார்த்தார். "அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை வர்றேன். முப்பது நிமிஷம் உக்கார்றேன். முடி வெட்டத்தான் வர்றேன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. இந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்கறா. எனக்கு வீட்டுலயும் பேச ஆளில்ல. சீக்கிரம் உடம்பைத் தேத்திக்கிட்டு வா. சீக்கிரம்னா, அவசரமா இல்ல."

அவர் போன பிறகு ஓனரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "நீ எத்தனை நிமிஷம் நின்னேன்னு தெரியுமா?"

"எத்தனை?"

"ரெண்டு. திங்கக்கிழமை எட்டு மணி நேரம் நிப்பியா?"

மூணு மேலங்கியின் நுனியைச் சுருட்டினாள். "நான் வர்றதுக்குள்ள எல்லாரும் அவகிட்டயே போயிட்டா?"

"சிலபேர் போவாங்க," என்றாள் ஓனரம்மா. "ஜன்னல் நாற்காலி உனக்கேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நீ வந்தப்புறம் பேசிக்கலாம். ஆனா ஒரு நாற்காலி இருக்கும். அதுக்கு நான் கேரண்டி."

அது மூணு கேட்க வந்த பதில் இல்லை. அதற்குக் கீழே ஒரு படி. தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு பை இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். வாய் திறந்திருந்த பைக்குள் சீப்புகள், கிளிப் டப்பா, மடித்த ஏப்ரன்.

"அது என்ன?" என்றாள்.

புதுசு பையைக் காலால் உள்ளே தள்ளினாள். "திங்கக்கிழமை நீங்க வரீங்கன்னு சொன்னாங்க. அதான் என் சாமானை எல்லாம் எடுத்து வெச்சேன். வேற இடத்துல கேட்டிருக்கேன்க்கா. கிடைச்சுடும்."

மூணு அவளையே பார்த்தாள். மூணு தன் வேலையைப் பறிக்க வந்தவள் என்று தெரிந்தே, முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தலையை இவள் கையில் வைத்திருந்திருக்கிறாள். திறமைசாலியாக இருந்தது போதாதென்று நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே! ஒரு மனுஷி நிம்மதியாகப் பொறாமைகூடப் பட முடியவில்லை.

"பன்னெண்டு வாரம்," என்றாள் ஓனரம்மாவிடம். "டாக்டர் சரின்னு சொல்லலக்கா. நர்ஸ் பன்னெண்டு வாரம்னா. அதுவரைக்கும் அவ அங்கயே நிக்கட்டும்."

புதுசு பையிலிருந்து சீப்புகளை எடுத்துத் தள்ளுவண்டியில் திருப்பி வைத்தாள். பேசாத சுபாவம். மூணுவின் முண்டாசை அவிழ்த்து நுனியை வெட்டி, டிரையரை மெதுவாக வைத்து உலர்த்திவிட்டாள். ஒன்பது நாள் கொண்டையிலிருந்து இத்தனை முடி இவ்வளவு பளபளப்பாக வரும் என்று மூணுவே எதிர்பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, "பரவாயில்ல" என்றாள்.

கணவனிடமிருந்து படம் வந்திருந்தது. மேனேஜர் அவன் மார்பில் குப்புறப் படுத்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தன் மார்பில் ஒரு நாளாவது இப்படித் தூங்கியிருக்கிறாளா என்று மூணு ஒரு நிமிடம் கணக்குப் பார்த்தாள். ‘கிளம்பிட்டேன்’ என்று பதில் அனுப்பினாள்.

"அடுத்த வியாழனும் எனக்கு எழுதிக்கோங்க," என்றாள் கவுண்டரில். "பதினோரு மணி. வாஷ் மட்டும் போதும்."

"யாருகிட்ட?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

கதவுக் கைப்பிடியில் கை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் யாரோ ஒரு அம்மாள் தொட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டிருந்தாள். பழக்கமில்லாத முகம், பெரிய கம்மல். புதுசு அவளிடம் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இடது கை பிடரிக்குக் கீழே போனதும், அந்த அம்மாள் தலையை முழுசாக விட்டுவிட்டாள். முதல் தடவையே! மூணுவுக்குத் திகுதிகுவென்றது.

"அந்தம்மா தலையை எவ்வளவு நேரம் பிடிப்பா?" என்று கேட்டாள்.

"வாஷுக்குப் பத்து நிமிஷம்தானே," என்றாள் ஓனரம்மா. "ஏன்?"

"எனக்கு முக்கால் மணி நேரம்," என்று சொல்லிவிட்டு மூணு கதவைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.